கேட்க ஆளில்லை என்று எழுதிய குழுவினருக்கு

மதிப்பிற்குரிய புத்தகத் திருவிழா ஏற்பாட்டுக் குழுவினருக்கு,

வரும் ஆண்டு முதல் ஒலிநூல் விருது திருவிழாவின் பொது மேடையில் வழங்கப்படாது என்றும், பதிப்பாளர்களும் அழைப்பிதழ் பெற்றவர்களும் மட்டும் கூடும் விடுதி அரங்கொன்றில் அது தனி நிகழ்வாக நடைபெறும் என்றும் அறிவித்திருக்கிறீர்கள். அதற்கு நீங்கள் சொன்ன காரணம் ஒரே வரிதான்: பார்வையாளர் வருகை போதுமானதாக இல்லை. மூன்று ஆண்டுகளும் அந்த நாற்காலிகளில் அமர்ந்திருந்தவர்களுள் நானும் ஒருவர் என்பதால், வருகை ஏன் குறைந்தது என்பதை உங்களுக்குச் சொல்லும் கடமை எனக்கு இருக்கிறது. (ஒலிநூல் விழாவுக்கு வருவோரைப் ‘பார்வையாளர்’ என்று எழுதியிருப்பதையும், மெய்ப்புத் திருத்தியே வாழ்ந்த பழக்கத்தால், ஓரத்தில் குறித்து வைக்கிறேன்.)

நான் 27 ஆண்டுகள் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தும் வேலை பார்த்தேன். அந்நாளில் பெரிய நூல்களுக்கு இருவராக உட்காருவோம். ஒருவர் மூலப்படியை உரக்கப் படிப்பார். மற்றவர் மெய்ப்பில் கண் ஓட்டுவார். கால்புள்ளி, அரைப்புள்ளி, பத்தி முடிவு என்று குறிகளையும் சேர்த்தே படிக்க வேண்டும். நல்ல குரலில் படிக்கும் துணை அமைந்துவிட்டால் பிழைகள் காதிலேயே தட்டுப்படும். சர்க்கரை நோய் விழித்திரையைப் பாதித்து, எட்டு ஆண்டுகளுக்கு முன் அச்செழுத்து என் கண்ணை விட்டு விலகியபோது, புத்தகத்தோடு எனக்கிருந்த உறவு அத்துடன் முடிந்தது என்றே நினைத்தேன். என் அண்ணன் மகள்தான் கைப்பேசியில் ஓர் ஒலிநூலைப் போட்டுக் காதில் மாட்டிவிட்டாள். முன்பு ஒருமுறை நான் மெய்ப்புப் பார்த்திருந்த நாவல் அது. முதல் அத்தியாயம் முடிவதற்குள், அச்சகத்தின் மர நாற்காலியும் எதிரில் உட்கார்ந்து படிக்கும் துணையும் எனக்குத் திரும்பக் கிடைத்துவிட்டன.

அன்று முதல் நான் ஒலிநூல்களின் ரசிகர். நூலாசிரியரைப் போலவே வாசிப்பவரின் பெயரையும் பார்த்து நூல் தேர்வு செய்கிறேன். எந்த வாசிப்பாளர் ழகரத்தைத் தேய்க்காமல் உச்சரிக்கிறார், யார் கரிசல் காட்டுப் பேச்சை நாடகத்தனம் இல்லாமல் சொல்கிறார், யார் உரையாடல் முடிந்து விவரணை தொடங்கும் இடத்தில் அரை மூச்சு நின்று செல்கிறார் என்பதெல்லாம் எங்களைப் போன்றவர்களுக்குத் தெரியும். ஆகவே உங்கள் திருவிழாவில் ஒலிநூலுக்கென்று ஒரு விருது தொடங்கப்பட்டபோது, அண்டை ஊர் ஆட்டோ நிறுத்தத்தில் சவாரிக்குக் காத்திருக்கும் நேரமெல்லாம் நாவல் கேட்கும் ஓட்டுநர் ஒருவரும், நாள் முழுதும் தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்து கதை கேட்கும் பெண்மணி ஒருவரும், பார்வையற்ற கல்லூரி மாணவர்கள் இருவரும், நானும் சேர்ந்து புறப்பட்டோம்.

முதலாண்டு நிகழ்வு பிற்பகல் இரண்டரை மணிக்கு வைக்கப்பட்டிருந்தது. தகரக் கூரையின் கீழ் அந்த வேளையில் எவரும் உட்கார மாட்டார்கள் என்பது திருவிழா நடத்துபவர்களுக்குத் தெரியாததன்று. பட்டிமன்றத்தை நீங்கள் ஒருபோதும் இரண்டரை மணிக்கு வைத்ததில்லை. மேடைக்குப் பின்னால் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. இடப்புறம் உணவுக்கூடத்தின் ஒலிபெருக்கி, மிளகாய் பஜ்ஜிக்கும் டெல்லி அப்பளத்துக்கும் டோக்கன் எண்களை அழைத்துக்கொண்டிருந்தது. விருது பெற்ற நூலிலிருந்து ஒரு பகுதியை ஒலிக்கச் செய்யப்போவதாக அறிவித்தார்கள். நாங்கள் நிமிர்ந்து உட்கார்ந்தோம். தொகுப்பாளர் தம் கைப்பேசியை ஒலிவாங்கியின் அருகே பிடித்தார். ஒரு விளம்பரம் ஓடியது. பிறகு ஏதோ ஒரு குரல் கரகரவென்று கேட்டது. முக்கால் நிமிடத்தில் ‘நன்றி’ சொல்லி நிறுத்திவிட்டார்கள். மேடைப் பதாகையில் ‘கேள்வி’ அதிகாரத்துக் குறள் ஒன்று பெரிய எழுத்தில் அச்சிடப்பட்டிருந்ததாக அண்ணன் மகள் சொன்னாள். அதை அச்சிட்ட செலவில் ஒரு கம்பியை வாங்கிக் கைப்பேசியை ஒலிக்கலவைக் கருவியோடு இணைத்திருக்கலாம்.

இரண்டாம் ஆண்டில் நடந்ததை நான் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் உங்கள் ஒரு வரிக் காரணத்துக்கான என் மறுப்பு முழுவதும் அங்கேதான் இருக்கிறது.

அச்சிட்ட நிகழ்ச்சி நிரலில் அவ்வாண்டு ஒலிநூல் விருதின் பெயரே இல்லை. ‘மற்றும் பல விருதுகள்’ என்ற தொடருக்குள் அது அடங்கியிருந்தது. தொலைபேசியில் மூன்று முறை விசாரித்த பிறகே நாளையும் நேரத்தையும் அறிந்து சென்றோம். சிறப்பு விருந்தினர் வரத் தாமதமானதால், இரு பள்ளிகளின் நடனங்களுக்கு இடையே கிடைத்த ஆறு நிமிடத்தில் விருது வழங்கப்பட்டது. நூலாசிரியருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். பதிப்பாளருக்குப் போர்த்தினார்கள். ஒலிநூலை வெளியிட்ட செயலி நிறுவனத்தின் மேலாளருக்கும் போர்த்தி, கேடயத்தை அவர் கையில் கொடுத்தார்கள். பதினான்கு மணி நேரம் ஓடும் அந்த நாவலை முதல் சொல்லிலிருந்து கடைசிச் சொல் வரை வாசித்தவர் யார் என்று மேடையில் எவரும் சொல்லவில்லை.

அவர் மேடைக்கு எதிரே, எங்கள் வரிசையில்தான் இருந்தார். நிகழ்ச்சி தொடங்குவதற்குச் சற்றுமுன் ஒரு பெண்குரல், “இந்த நாற்காலியில் யாரும் வருகிறார்களா?” என்று கேட்டது. என் வலப்பக்கம் இருந்த மாணவர் பதில் சொல்லாமல் என் கையைப் பிடித்து அழுத்தினார். எனக்கும் அதே கணத்தில் தெரிந்துவிட்டது. அந்தக் குரலோடு நாங்கள் அதற்கு முந்தைய மழைக்காலம் முழுவதையும் கழித்திருந்தோம். அவர் ஓர் அரசுப் பள்ளி ஆசிரியை என்பதும், அழைப்பு எதுவும் வராத நிலையில் தாம் வாசித்த நூலுக்கு விருது என்று கேள்விப்பட்டு அரை நாள் விடுப்பு எடுத்துத் தம் செலவிலேயே பேருந்தில் வந்திருந்தார் என்பதும் பிறகு பேசும்போது தெரிந்தது. மேடையில் அவர் பெயர் விடுபட்டபோது அவர் எதுவும் சொல்லவில்லை. எல்லாரோடும் சேர்ந்து கைதட்டினார்.

நிகழ்ச்சி முடிந்ததும் நாங்கள் அவரை விடவில்லை. உணவுக்கூடத்துக்கும் அரங்குகளுக்கும் இடையே உள்ள நடைவழியில், அப்பளக் கடையின் பக்கவாட்டில் நின்று, முதல் பக்கத்தை மட்டுமாவது வாசிக்க வேண்டும் என்று தையற்காரப் பெண்மணி கேட்டார். ஆசிரியை சற்றுத் தயங்கிவிட்டு, கையில் புத்தகம் இல்லாமலே தொடங்கினார். இரண்டாவது வாக்கியத்தில் ஆட்டோ ஓட்டுநர் தம் கைப்பேசியை அணைத்தார். ஐந்தாறு நிமிடங்கள் கடந்தபோது எங்களைச் சுற்றி ஆட்கள் நிற்பதை உணர்ந்தேன். எத்தனை பேர் என்று மெல்லக் கேட்டதற்கு, இருபதுக்கு மேல் இருக்கும் என்றும், சிலர் காகிதத் தட்டோடு அப்படியே நிற்கிறார்கள் என்றும் அண்ணன் மகள் சொன்னாள். அவர்களுள் நால்வர் அந்த நாவல் எந்த அரங்கில் கிடைக்கும் என்று கேட்டுச் சென்றார்கள். ஜெனரேட்டர் அப்போதும் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

கேட்க ஆளில்லை என்று நீங்கள் எழுதியது இந்தத் திருவிழாவைப் பற்றித்தான்.

மூன்றாம் ஆண்டில் நாங்கள் பதினொரு பேர் சென்றோம். முன்வரிசைகள் நான்கும் ரிப்பன் கட்டி ஒதுக்கப்பட்டு, இறுதிவரை காலியாகவே இருந்தன. எங்களுள் ஐவருக்குப் பார்வை இல்லை, பின்னால் இருந்தால் ஒன்றும் கேட்காது என்று தன்னார்வலரிடம் சொன்னோம். மேலிடத்து உத்தரவு என்றார். அந்த இளைஞரை நான் குறை சொல்லவில்லை. ஆனால் நுழைவாயிலில் நடந்த ஒன்றைக் குறிப்பிட்டாக வேண்டும். வருகையாளர்களின் எண்ணிக்கையை நீங்கள் கணக்கிடுவது, பெயரும் முகவரியும் எழுதிப் பெட்டியில் போடும் குலுக்கல் சீட்டுகளையும், அரங்கின் முன்புறத்திலிருந்து எடுக்கும் ஒளிப்படங்களையும் வைத்துத்தான் என்பதை உங்கள் அலுவலகத்திலேயே சொன்னார்கள். சீட்டை எழுதித்தர அங்கு ஆளில்லை. ஆகவே பார்வையற்ற ஐவரின் சீட்டுகளும் பெட்டியில் விழவில்லை. முன்புறத்திலிருந்து எடுத்த படத்தில் நான்கு காலி வரிசைகள் பதிந்திருக்கும். இந்த இரண்டையும் கூட்டிக் கழித்து வந்த விடைதான் உங்கள் அறிவிப்பில் காரணமாக நிற்கிறது.

அதே மேடையில் உங்கள் குழு உறுப்பினர் ஒருவர், படிக்கச் சோம்பல்படுவோருக்கு வந்த வசதிதான் ஆடியோ புக் என்று பேசிச் சிரிப்பை வாங்கினார். தையல் இயந்திரத்தின் முன் பத்து மணி நேரம் உட்கார்ந்திருப்பவரைச் சோம்பேறி என்று சொல்லும் துணிவு எனக்கில்லை. அதைவிட, அவர் வரலாற்றையும் தவறாகச் சொன்னார். முதல் உலகப் போரில் கண்ணிழந்த படைவீரர்களுக்குப் பிரெய்ல் கற்பது எளிதாக இல்லாததை முன்னிட்டே பிரிட்டனில் பேசும் நூல்கள் என்ற முயற்சி தோன்றியது. 1935இல் அங்கே இசைத்தட்டுகளில் முழு நாவல்கள் வெளிவந்தன. நம்மிடையே இன்னும் பழைய வழக்கம் உண்டு. காப்பியத்தை இயற்றியவர் அவையில் அரங்கேற்றினால்தான் அது நூலாகும் என்று நம்பிய மரபு இது. திரௌபதியம்மன் கோயில்களில் பாரதம் படிப்பவரைச் சுற்றி ஊரே உட்கார்ந்து கேட்டது. அவர்களை எவரும் படிக்கச் சோம்பல்பட்டவர்கள் என்று சொன்னதில்லை.

வாசிப்பவரின் பெயர் ஏன் முக்கியம் என்றும் சிலர் கேட்கக்கூடும். என் தலைமுறையினர் வானொலியைத் திருகியதும் முதலில் கேட்டது செய்தியை அன்று. ‘ஆகாசவாணி, செய்திகள் வாசிப்பது சரோஜ் நாராயண்சுவாமி’ என்ற அறிவிப்பைத்தான். செய்தியை அவர் எழுதவில்லை, நிகழ்த்தவும் இல்லை, வாசித்தார். ஆயினும் அவர் பெயரைச் சொல்லிவிட்டே செய்திக்குள் போனார்கள். 2022இல் அவர் மறைந்தபோது, அவர் வாசித்த செய்திகளில் ஒன்றைக்கூட நினைவில் வைத்திராதவர்கள் அவர் குரலை நினைத்து வருந்தினார்கள். பத்து நிமிடச் செய்திக்கே அந்த மரியாதை இருந்தது.

அமெரிக்காவில் ஒலிநூல் வெளியீட்டாளர்களின் சங்கம் 1996 முதல் ‘ஆடி’ (Audie) என்ற பெயரில் விருதுகளை வழங்கி வருகிறது. அங்கே வாசிப்பவர்களுக்கென்றே தனிப் பிரிவுகள் உண்டு. 2018இல் ஆண்டின் சிறந்த ஒலிநூலாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஜார்ஜ் சாண்டர்ஸின் நாவலுக்கு 166 பேர் குரல் கொடுத்திருந்தார்கள். அத்தனை பேர் சேர்ந்து வாசித்தார்கள் என்பதுதான் அந்த ஒலிநூலைப் பற்றி எவரும் முதலில் சொல்லும் செய்தி. நமக்கோ ஒரே ஒருவரின் பெயரைச் சொல்ல நேரமில்லை. அந்த விழாவும் எல்லாருக்கும் திறந்த மைதான விழா அன்று, தொழில்துறையினர் கட்டணம் செலுத்திக் கூடும் விருந்துதான் என்று நீங்கள் எதிர்வாதம் செய்யலாம், அது சரியே. ஆனால் பெருந்தொற்றுக் காலத்தில், 2021இல், அதை இணையவழி நிகழ்வாக நடத்தியபோது வீட்டிலிருந்த ரசிகரும் கேட்க முடிந்தது. மேலும், பொது மேடையில் இருந்த ஒன்றை எடுத்துக் கதவுக்குள் வைப்பதற்கும், தொடக்கம் முதலே கதவுக்குள் இருந்ததற்கும் வேறுபாடு உண்டு. புத்தகத் திருவிழா என்பதே வாசகர்களின் கூட்டம். சென்னையில் 1977இல் புத்தகக் காட்சி தொடங்கிய காலத்திலிருந்து, எழுதுபவரையும் படிப்பவரையும் ஒரே மண்ணில் நிறுத்தியதால்தான் அது நிலைத்தது. ஸ்டோரிடெல் போன்ற செயலிகளில் தமிழ் நூல்கள் சேரத் தொடங்கியிருக்கும் இந்நாளில், தனித்தனியே காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு கேட்பவர்கள் ஒருவரை ஒருவர் சந்திக்கும் இடம் எங்கள் வட்டாரத்தில் உங்கள் மேடை ஒன்றுதான். செயலி கதையைத் தரும். பக்கத்து நாற்காலியைத் தராது.

சட்டத்தைச் சொல்லி அச்சுறுத்துவது என் நோக்கமில்லை. ஆனால் உங்கள் அறிவிப்பை எழுதியவர் அதை நினைவில் வைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, அதன் 29ஆம் பிரிவில், பண்பாட்டு வாழ்விலும் பொழுதுபோக்கிலும் மற்றவர்களுக்கு இணையாகப் பங்கேற்கும் உரிமையைப் பேசுகிறது. அச்சைப் படிக்க இயலாதவர்களுக்கு நூல்கள் வேறு வடிவில் கிடைக்க வழிசெய்யும் மராகேஷ் உடன்படிக்கையை 2014இல் உலகிலேயே முதலாவதாக ஏற்று உறுதிசெய்தது இந்தியா. சென்னை கோட்டூர்புரத்து அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் பார்வையற்றோருக்கென ஒரு பகுதியே இருக்கிறது. இவ்வளவும் நடந்துள்ள நாட்டில், எங்களுக்கென்று இருந்த ஒரே நிகழ்ச்சியை எங்களால் நுழைய முடியாத அறைக்கு மாற்றுவது எவ்வகையிலும் பொருந்தவில்லை.

உங்கள் சிரமங்களை நான் அறியாமல் இல்லை. மாலை நேர மேடைக்குப் போட்டி அதிகம். நன்கொடையாளர்கள் தங்கள் பெயர் முன்வரிசையில் ஒலிக்க வேண்டும் என்பார்கள். விருந்தினர் தாமதம் எவர் கையிலும் இல்லை. நான் கேட்பவை அதிகச் செலவில்லாதவை. பெரும்பாலானவற்றுக்குச் செலவே இல்லை.

முதலாவது, ஒலிநூல் விருதை விடுதி அரங்குக்கு மாற்றும் முடிவைத் திரும்பப் பெற்று, பொது மேடையிலேயே, மாலை ஐந்து மணிக்குப் பின், நிகழ்ச்சி நிரலில் அதன் பெயரை வெளிப்படையாக அச்சிட்டு நடத்துங்கள். விருது நடக்கும் முக்கால் மணி நேரத்துக்கு உணவுக்கூடத்து ஒலிபெருக்கியை நிறுத்தி வையுங்கள். டோக்கன் எண்ணைக் கையால் காட்டினாலும் பஜ்ஜி ஆறிவிடாது. பதிவை ஒலிக்கச் செய்தால் கருவியோடு இணைத்து ஒலிக்கச் செய்யுங்கள்; அதைவிட நன்று, வாசித்தவரை மேடைக்கு அழைத்துப் பத்து நிமிடம் நேரில் வாசிக்கச் சொல்லுங்கள்.

இரண்டாவது, விருதை நூலாசிரியருக்கும் வாசிப்பவருக்கும் இணையாக வழங்குங்கள். வாசிப்பவரின் பெயர் அழைப்பிதழிலும் கேடயத்திலும் இருக்க வேண்டும். அவருக்கு வழிச்செலவும் தர வேண்டும். கணினி உருவாக்கிய குரலில் வந்த நூல் போட்டிக்கு வந்தால் அதை அப்படியே அறிவித்துவிடுங்கள். எதைக் கேட்கிறோம் என்று அறிந்து கேட்கும் உரிமை எங்களுக்கு வேண்டும். முன்னர் விடுபட்ட அந்த ஆசிரியையின் பெயரை, அடுத்த விழாவின் மேடையில், விருதுகள் தொடங்கும் முன் ஒருமுறை வாசித்துப் பதிவு செய்யுங்கள். அவர் கேட்கவில்லை, நாங்கள் கேட்கிறோம்.

மூன்றாவது, அரங்குகளுக்கிடையே ஒன்றில் நான்கு ஹெட்போன்களும் நான்கு நாற்காலிகளும் வைத்து, விருதுப் பட்டியலில் உள்ள நூல்களை எவரும் அமர்ந்து கேட்டுப் பார்க்கும்படி செய்யுங்கள். பார்வையற்றோருக்கு முன்வரிசையில் சில இருக்கைகளையும், குலுக்கல் சீட்டை எழுதித் தந்து அரங்குகளுக்கு அழைத்துச் செல்ல இரண்டு தன்னார்வலர்களையும் ஒதுக்குங்கள். நாள்தோறும் நிகழ்ச்சி நிரலைப் படமாக மட்டும் பகிராமல் குரல் பதிவாகவும் பகிருங்கள். படத்தில் உள்ள எழுத்து எங்கள் கைப்பேசியின் வாசிப்பானுக்குப் பெரும்பாலும் பிடிபடுவதில்லை. அந்தக் குரல் பதிவைச் செய்து தர உங்களுக்கு ஆள் இல்லையென்றால், நாள்தோறும் காலை ஆறு மணிக்குள், கால்புள்ளி, முற்றுப்புள்ளி பிசகாமல் நான் வாசித்து அனுப்புகிறேன், கூலி வேண்டாம்.

அடுத்த திருவிழாவின் அழைப்பிதழ் அச்சுக்குப் போவதற்கு முன்பாக இம்மடலுக்கு உங்கள் முடிவைத் தெரிவிக்க வேண்டுகிறேன். இதை நான் சொல்லச் சொல்ல எழுதியவள் என் அண்ணன் மகள். அவள் இப்போது வெளியூர்க் கல்லூரியில் இருப்பதால் விடுமுறைக்குத்தான் வருவாள். ஆகவே பதிலைக் கடிதமாக அனுப்ப வேண்டாம். உங்களுள் ஒருவர் வாசித்து, தம் பெயரையும் சொல்லி, குரல் பதிவாக அனுப்புங்கள்.

இப்படிக்கு,
மூன்றாம் ஆண்டில் ஐந்தாவது வரிசையில் அமர்ந்திருந்த ஒரு கேட்பாளர்